யாருடைய வில்லன்?

பி.எஸ்.வீரப்பாவின் வெடிச்சிரிப்பு, நம்பியார் கைகளைப் பிசைந்துகொள்வது, அசோகன் வார்த்தைகளை இழுத்து இழுத்துப் பேசுவது. தமிழ் சினிமா வில்லன்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இவைதான் முதலில் வந்து விழும். மிமிக்ரி மேடைகள் இவற்றை இன்னும் உயிரோடு வைத்திருக்கின்றன. படம் எதுவானாலும், இயக்கியவர் யாரானாலும் இந்த அடையாளங்கள் மாறியதில்லை. 1965இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யை இயக்கியவர் தாபி சாணக்யா, அதே ஆண்டின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ பி.ஆர்.பந்துலு படம். ஒன்றில் நம்பியார் வீட்டுக்குள் சவுக்கெடுக்கும் அத்தான், இன்னொன்றில் கடற்கொள்ளைத் தலைவன். உடை வேறு, ஆள் ஒருவர்தான். ரசிகருக்கு இரண்டுமே எம்.ஜி.ஆர். படம். நம்பியாரும் எம்.ஜி.ஆரின் வில்லன்.

இதை நம்பியாரின் குறையாகச் சொல்ல மாட்டேன். மாடர்ன் தியேட்டர்ஸின் ‘திகம்பர சாமியா’ரில் (1950) வேடத்துக்கு வேடம் மாறி அவர் காட்டிய வித்தையைப் பார்த்தவர்கள், இந்த மனிதர் எவ்வளவு கைவசம் வைத்திருந்தார் என்று வியப்பார்கள். ஆனால் நட்சத்திர சினிமா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நாயகனின் நல்லதனம் துலங்க எதிரே நிற்க வேண்டும். வில்லன் என்பவர் ஹீரோவுக்குச் சேர்ந்தவர் என்ற அந்த ஏற்பாடு எண்பதுகள் வரை பெரிதாகக் குலையவில்லை.

குலைத்தவர்களில் ரகுவரனை முதலில் சொல்வேன். குலைக்க வேண்டும் என்று வந்தவரல்ல அவர். அடையாறு திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் படித்துவிட்டு நாயகனாகத்தான் நுழைந்தார். கே.ஹரிஹரன் இயக்கிய ‘ஏழாவது மனிதன்’ (1982) பாரதியார் பாடல்களோடு வந்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. விருது வந்தது, நாயக வாழ்க்கை வரவில்லை. ஒடிசலான நெட்டை உருவம், தொண்டைக்குள்ளேயே பாதி தங்கிவிடும் குரல். டூயட் பாடும் சினிமாவுக்கு இவை எதற்கு உதவும்?

உதவும் இடத்தை விசு கண்டுபிடித்தார். ஏவி.எம்.மின் ‘சம்சாரம் அது மின்சார’த்தில் (1986) ரகுவரன், கொடுக்கும் பணத்துக்கு வீட்டில் கணக்குக் கேட்கும் மூத்த மகன் சிதம்பரம். அடியாள் கிடையாது, கத்தி கிடையாது. விசுவின் வசனம் எப்போதும் பட்டாசுச் சரம். அதற்கு எதிரே ரகுவரன் நிதானமாக ரூபாய்க்கணக்குப் பேசுகிறார். வீட்டின் நடுவே கோடு விழுந்தபோது தியேட்டரில் குடும்பம் குடும்பமாக அழுதார்கள் என்றால், அந்தக் கணக்கில் ஓரளவு நியாயமும் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்று ஆண்டு கழித்து ராம்கோபால் வர்மா தன் முதல் படத்துக்கு அவரை அழைத்தார். தெலுங்கு ‘சிவா’ (1989) தமிழில் ‘உதயம்’ ஆகி இங்கேயும் ஓடியது. கல்லூரித் தேர்தலையும் ரவுடிகளையும் முடிச்சுப்போட்ட படம். நாகார்ஜுனா சைக்கிள் செயினைப் பிடுங்கும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது வில்லன் பவானியாக வரும் ரகுவரனின் அசையாமை. சுற்றியிருப்பவர்கள் பதறுகிறார்கள், ஓடுகிறார்கள், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேமரா அவரை நோக்கிப் போகுமே தவிர, கேமராவுக்காக அவர் எதுவும் செய்வதில்லை. மறு ஆண்டு படம் இந்திக்குப் போனபோதும் பவானியாக அவரே நடித்தார்.

1990 அவருடைய ஆண்டு. கே.எஸ்.ரவிகுமாரின் முதல் படமான ‘புரியாத புதி’ரில் மனைவியைச் சந்தேகத்தால் அணு அணுவாக வதைக்கும் கணவன். ‘ஐ நோ’ என்ற இரண்டே சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டே போகும் காட்சி இன்றும் மீம்களில் ஓடுகிறது. சிரிக்கிறோம், சரி. மறுபடி போட்டுப் பாருங்கள். முதலில் ஆமோதிப்பு, பிறகு கிண்டல், பிறகு கெஞ்சல் போல ஒன்று, அதன்பின் அது பேச்சே அல்ல, மூச்சு. வசனம் எழுதியவர் இரண்டு சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கிறார். முதல் படம் எடுக்கும் இயக்குநர் வெட்டாமல் ஓடவிட்டிருக்கிறார். அந்தத் துணிச்சலுக்கும் பங்குண்டு.

அதே ஆண்டில் மணிரத்னத்தின் ‘அஞ்சலி’. ரகுவரன் மூன்று குழந்தைகளின் தகப்பன், மூன்றாவது குழந்தை இறந்துவிட்டதாக மனைவியிடம் சொல்லி உண்மையை மறைத்தவர். கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்போ என்று ரேவதி சந்தேகப்படும் பகுதியில் நாமும் சந்தேகப்படுகிறோம். வேறு நடிகராக இருந்தால் அவ்வளவு எளிதில் சந்தேகம் வந்திருக்காது. வில்லன் முகத்தின் மேல் நமக்கிருந்த அவநம்பிக்கையையே திரைக்கதையின் முதலாகப் போட்டு, கடைசியில் அன்பாக வட்டி கட்டினார் மணிரத்னம்.

இப்படி ஒவ்வொரு இயக்குநரும் அவரிடம் வேறொன்றை எடுத்தார்கள். எல்லோரும் சரியாக எடுத்தார்கள் என்றில்லை. ஷங்கரின் ‘காதலன்’ (1994) மல்லிகார்ஜுனாவில் வேஷம்தான் மிஞ்சியது. சுரேஷ் கிருஷ்ணா ‘பாட்ஷா’வில் (1995) ரஜினியைவிட எட்டு வயது சிறியவரை மார்க் ஆண்டனியாக நிறுத்தினார்; ஒரு நொடிகூட அது உறுத்தவில்லை. இரண்டே ஆண்டில் அதே இயக்குநர் ‘ஆஹா’வில் அவரைப் பாசக்கார அண்ணனாக்கினார். மலையாளத்தில் லெனின் ராஜேந்திரன், முகுந்தன் நாவலிலிருந்து எடுத்த ‘தெய்வத்திண்டெ விக்ருதிகள்’ (1992) படத்தில் மய்யழியை விட்டுப் போக மனமில்லாத அல்போன்ஸோவாக்கினார். ரகுவரனைத் தமிழில் மட்டும் பார்த்தவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஷங்கர் கடன் தீர்த்தது ‘முதல்வ’னில் (1999). சுஜாதாவின் வசனம், ஒரு டி.வி. ஸ்டுடியோ, இரண்டு நாற்காலி. முதலமைச்சர் அரங்கநாதனாக ரகுவரன் முதலில் பெரிய மனிதத் தோரணையோடு பதில் சொல்கிறார். கேள்விகள் நெருக்க நெருக்கக் குரல் ஏறாமல் கண் மட்டும் இறுகுகிறது. ஒருநாள் நீ முதல்வராக இருந்து பார் என்ற சவால் அந்த இறுக்கத்திலிருந்துதான் வருகிறது. கதை முழுக்க அதைப் பிடித்துத் தொங்குகிறது. இந்தி ‘நாயக்’கில் (2001) அதே நாற்காலியில் அம்ரீஷ் புரி. இடிக்குரல், உருட்டும் விழி, பெரிய நடிகர்தான். ஆனால் அவர் அமர்ந்தவுடனே வில்லன் யாரென்று தெரிந்துவிடுகிறது. அரங்கநாதனுக்கு ஓட்டுப் போட்டிருப்போமோ என்ற கூச்சம் ரகுவரனைப் பார்க்கும்போதுதான் வருகிறது. 2008 மார்ச் 19இல் ரகுவரன் போனார். அதே ஆண்டு நவம்பர் 19இல் நம்பியார்.

பிரகாஷ்ராஜின் கதை வேறு. கே.பாலசந்தர் ‘டூயட்’டில் (1994) கொண்டுவந்தார், வசந்த் ‘ஆசை’யில் (1995) மச்சினி மேல் கண் வைத்த மேஜராக்கினார், ‘இருவர்’ (1997) தேசிய விருது வாங்கித் தந்தது. அதுவரை அவரும் இயக்குநர்களின் ஆள். பிறகு ரீமேக் காலம் வந்தது. ‘ஒக்கடு’ ‘கில்லி’யானபோது மகேஷ்பாபு போய் விஜய் வந்தார், வில்லன் அவரே. ‘போக்கிரி’ தெலுங்கிலிருந்து தமிழுக்கும், ‘வான்டட்’ என்று இந்திக்கும் போனது. ஹீரோக்கள் மூவர், வில்லன் ஒருவர். ‘சிங்கம்’ இந்திக்குப் போனபோதும் இதேதான். நாயகனை மாற்றலாம், வில்லனை மாற்ற முடியாது என்று தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டது தமிழ் வில்லனுக்குக் கிடைத்த பெரிய மரியாதை. அதற்கு அவர் கொடுத்த விலை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தது. ராதாமோகனோடு ‘மொழி’, ‘அபியும் நானும்’ என்று நடிகராகவும் தயாரிப்பாளராகவும் அவர் ஒதுங்கிய இடத்தை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது வில்லன் வேடத்துக்கு ஹீரோக்களே வருகிறார்கள். ‘மாஸ்டர்’ (2021) படத்தில் விஜய்சேதுபதியின் பெயரும் பவானிதான். சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் அடிபட்டு உருவானவன் என்று படம் தொடங்கும்போதே அவனுக்காக ஒரு நியாயம் சொல்லிவிடுகிறார்கள். நட்சத்திரம் நடித்தால் நியாயமும் வேண்டியிருக்கிறது போலும். 1989இன் பவானிக்கு வர்மா அப்படி எதையும் எழுதித் தரவில்லை. ரகுவரனுக்கு அது தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை.