பொன்னுருவி பாட்டு ஏன் இன்னும் எடுபடுகிறது?

பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ ஏறுகிறவர்களுக்குப் பம்மல் என்பது ஒரு நிறுத்தம். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதோடு சேர்ந்த நகராட்சிகளில் அதுவும் ஒன்று. நாடகக்காரர்களுக்கோ பம்மல் என்றால் சம்பந்த முதலியார். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, பாட்டு மேல் பாட்டாக ஓடிக்கொண்டிருந்த தமிழ் மேடையில் வசனத்தை முன்வரிசையில் உட்காரவைத்தவர். அவருடைய 'மனோகரா'வை இன்றைக்கும் யாராவது நினைவுகூர்ந்தால் வசனத்துக்காகத்தான், பாட்டுக்காக அல்ல.

அந்தக் காலத்து மேடையைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. 'ஒன்ஸ்மோர்' என்று கொட்டகை அதிர்ந்தால் கதை அங்கேயே நின்றுவிடும். செத்துக் கிடந்த பாத்திரம் எழுந்து, பாட்டை இன்னொரு முறை பாடிவிட்டு மறுபடி படுத்துக்கொண்ட கதைகளை நாடக வட்டாரத்தில் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். மைக் இல்லாத நாளில் கடைசி வரிசை வரைக்கும் குரலை அனுப்பிய எஸ்.ஜி. கிட்டப்பாவுக்காகவே டிக்கெட் வாங்கினார்கள். வேலன் வேடமா வேறு வேடமா என்பது இரண்டாம் பட்சம். அவர் 1933-ல் தம் 27-ஆம் வயதில் மறைந்துவிட்டார். அந்தக் குரலைச் சிலாகிக்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் குரலை ரசிப்பது வேறு, 'இது என் வீட்டுக் கதை' என்று தொண்டை அடைப்பது வேறு. மேடைப் பாட்டு இந்த இரண்டாவது வேலையை எப்படிச் செய்கிறது என்பதுதான் இந்த வார அலசல்.

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போனால், செங்கல்பட்டு வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ஆடுவார்கள். அதில் 'கர்ண மோட்சம்' நடக்கும் இரவைக் கவனியுங்கள். மறுநாள் களம். கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். பொன்னுருவி கலிங்கத்து இளவரசி. தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவனை இத்தனை நாள் அண்டவிடாதவள். அவன் யார் என்று தெரியவரும்போது ராத்திரி முக்கால்வாசி போய்விட்டது. இனி அவனைப் போகவிடக் கூடாது.

இதைக் கூத்துக்காரர்கள் கட்டியிருக்கும் விதம் அபாரம். முதலில் விருத்தம். தாளக்கட்டு கிடையாது, ஆர்மோனியம் சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்க, பொன்னுருவி குரலை உச்சத்துக்கு ஏற்றி இழுக்கிறாள். பெண் வேடம் கட்டிய ஆண்தான் பாடுகிறார். இரண்டு நிமிஷத்தில் அது மறந்துபோகும். அப்புறம் மிருதங்கம் எடுக்க, தரு தொடங்குகிறது. அவள் ஒரு அடி, அவன் ஒரு அடி. அவள் மறிக்கிறாள், அவன் சமாதானம் சொல்கிறான், அவள் ஒப்பவில்லை. ஒவ்வொரு அடியையும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அந்தச் சில நொடிதான் விஷயமே. பாடியவர் அப்போது பாடவில்லை. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறார். தான் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று தேடுகிறார். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையை எடுப்பது பெரும்பாலும் பாட்டின்போது அல்ல, இந்த இடைவெளியில்தான். அடுத்த நிமிஷமே கட்டியக்காரன் வந்து ஏதாவது நக்கல் அடிப்பான், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்கள்.

என் கணக்கு இது: மேடைப் பாட்டில் நம்மைத் தொடுவது ராகமோ சொல்லோ தனியாக அல்ல. அந்தப் பாட்டு மேடையில் உள்ள இன்னொரு ஆளிடம் எதையோ கேட்கிறது. பதில் என்ன வரும் என்று நாமும் காத்திருக்கிறோம்.

சங்கரதாஸ் சுவாமிகளுக்கு (1867–1922) இது தண்ணீர் பட்ட பாடு. அவருடைய 'வள்ளி திருமண'த்தைத் தூக்கி நிறுத்துவது தர்க்கம்தான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், வேலன் வேறு ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. பந்து எங்கே குத்தும் என்று தெரியாமல் நிற்கும் மட்டையாளரைப் போல அவர் கேள்விக்கு இவர் அந்தக் கணத்தில் பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும். அந்தத் தடுமாற்றமும் சமாளிப்பும் நிஜம். காதலிப்பவர்களின் வாய்ச்சண்டை அச்சு அசலாக அப்படித்தானே இருக்கும்?

அழுகைக்கு மட்டும் உரியதல்ல இந்தச் சூத்திரம். திருவான்மியூர் கலாக்ஷேத்ரா வழியாக இன்றும் உயிரோடிருக்கும் 'குற்றாலக் குறவஞ்சி'யில் (ருக்மிணி தேவி 1944-ல் நாட்டிய நாடகமாக அமைத்தது) சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் இடம் ஒன்று. வெளியூர் போய் வந்த பெண்டாட்டியின் காலிலும் கழுத்திலும் புது நகைகள். இது என்ன, அது என்ன, யார் கொடுத்தார்கள் என்று அவன் குடைய, அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருக்கிறாள். சந்தேகம், செல்லம், கொஞ்சம் பொறாமை. எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டுக்காரர். குரோம்பேட்டை அடுக்ககத்து ஹாலில் நடக்கும் விசாரணைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அமெரிக்காவின் பிராட்வேயில் 1943-ல் வந்த 'ஓக்லஹோமா!'வை, பாட்டைக் கதையோடு பிணைத்த திருப்புமுனை என்று கொண்டாடுவார்கள். கொண்டாடட்டும். பேச்சு போதாமல் போகிற இடத்தில் பாட்டு வர வேண்டும் என்பது நம் கூத்து வாத்தியார்களும் அனுபவத்தில் வைத்திருக்கும் கணக்குத்தான்.

சறுக்குவது எங்கே என்றால், பதிவுசெய்த பாட்டைப் போட்டு வாயசைக்கும்போது. எதிராளி எப்படி நின்றாலும், அழுதாலும், முகம் திருப்பினாலும் பாட்டு தன்பாட்டுக்கு அதே வேகத்தில் ஓடும். அழகான உடை, துல்லியமான சுருதி, விளக்கு எல்லாம் இருக்கும், பதில் இருக்காது. நாடகப் பாட்டைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து துக்கடாவாகப் பாடும்போதும் இதே குறைதான். வள்ளி இருக்கிறாள், வேலன் எங்கே?

நங்கநல்லூர், குரோம்பேட்டை, தாம்பரம் சபாக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாடக விழா என்றால் சோபா போட்ட குடும்ப நகைச்சுவையே வரிசையாக வருகிறது. அதில் ஒரே ஒரு மாலையை இசை நாடகத்துக்கோ கூத்துக்கோ ஒதுக்குங்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் மேடையிலேயே இருக்கட்டும், டிராக் வேண்டாம். அதுவரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் எங்காவது 'கர்ண மோட்சம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தால் போய் உட்காருங்கள். பத்து மணிக்குக் கட்டியக்காரனைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பொன்னுருவி வர எப்படியும் நடுராத்திரி தாண்டிவிடும்.