சுரங்கமா, சுருங்கையா?

1966 சனவரியில் லால்பகதூர் சாஸ்திரி மறைந்த நகரம் என்ற அளவில் தாஷ்கண்ட் நம்மவர்க்கு அறிமுகமானது. உஸ்பெகிஸ்தானின் தலைநகராகிய அந்நகரின் நடுப்பகுதியை அதே ஆண்டு ஏப்ரலில் நிலநடுக்கம் பெரிதும் அழித்தது. மீண்டும் எழுந்த நகரின் அடியில் 1977-இல் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. அதன் நிலையங்களுள் ஒன்று பதினைந்தாம் நூற்றாண்டுக் கவிஞர் அலிஷேர் நவாயியின் பெயரைத் தாங்கியது. அவர்தம் காப்பியக் காட்சிகள் அந்நிலையச் சுவர்களை அணிசெய்கின்றன. கவிஞனை மண்ணுக்கடியிலும் மறவாத இச்செய்தியை ஒரு தமிழாசிரியர் வகுப்பில் கூறப் புகுந்தால், அந்த இரயிலை எச்சொல்லால் சுட்டுவார்? ‘சுரங்க இரயில்’ என்பதே நம் ஏடுகளின் வழக்கு. அவ்வழக்குப் பொருந்துமா என்பதே நம் வினா.

சுரங்கம் என்றதும் இன்று நம் மனத்தில் எழுவது கனிமம் தோண்டும் இடமே. நெய்வேலிச் சுரங்கம் மேலே வானம் தெரியத் திறந்து கிடப்பது. ஆகவே, ‘சுரங்க இரயில்’ எனக் கேட்கும் மாணவன் நிலக்கரி ஏற்றிவரும் வண்டியை எண்ணிக்கொண்டால் பிழை அவனுடையதன்று. சாலையைக் கடக்க நடப்போர் இறங்கும் வழியும் சுரங்கப்பாதை. மலையைக் குடைந்த வழியும் சுரங்கப்பாதை. ஒரு சொல்லின் தலையில் இத்தனை சுமை ஏற்றலாமா?

‘மெட்ரோ’ என்பது போதாதோ எனில், போதாது. 1863-இல் இலண்டனில் இரயில் ஓட்டத் தொடங்கிய நிறுவனத்தின் பெயரில் இருந்த ‘மெட்ரோபாலிடன்’ என்னும் சொல் பெருநகருக்குரியது என்றே பொருள்படும். நிலத்தடி என்னும் பொருள் அதில் இல்லை. சென்னையில் 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதலில் ஓடிய மெட்ரோ, தூண்களின்மேல் ஓடியது. திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை அது நிலத்தினுள் இறங்கியது 2017-இல்தான். எனவே, மெட்ரோ என்பது அமைப்பின் பெயர். வழியின் பெயர் அன்று.

வழிக்கு நம்மிடம் பழஞ்சொல் உண்டு, அது சுருங்கை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், மதுரைக்குள் யானைக் கூட்டம் செல்லும் கரந்த வழி சுருங்கை வீதி எனப்படுகிறது. மணிமேகலையில் நீர் செல்லும் தூம்பைக் குறிக்கவும் இச்சொல் வருகிறது. கட்டி மூடிய, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் வழி என்பதே இரண்டிற்கும் பொதுவான கருத்து. நிலத்தடி இரயில் வழிக்கு இதனினும் பொருத்தமான சொல் வேண்டுமோ?

இது தூய தமிழ்ச்சொல்லா என ஒருசாரார் வினவுவர். சுரங்கமும் சுருங்கையும் ஒரே மூலத்தின் இரு வடிவங்கள். அம்மூலம் அர்த்தசாஸ்திரத்தில் ‘சுருங்கா’ எனக் காணப்படுவது. அது கிரேக்கத்தின் ‘சிரிங்க்ஸ்’ என்பதினின்று வந்தது என்பது ஆய்வாளர் பலர் கொள்கை. மெட்ரோவின் மூலமும் கிரேக்கமே. ஆயின், சுருங்கை காப்பியங்களில் பயின்று, நம் ஒலியையும் ஈற்றையும் ஏற்றுத் தமிழாகிவிட்டது. மலாயர் ‘பெராய்’ என வழங்கும் ஊரை நாம் ‘பிறை’ ஆக்கிக்கொண்டதும், ஈயம் தோண்டிய இடத்தை மலாய்ச் சொல்லினின்று ‘லம்பம்’ என நம் முன்னோர் வழங்கியதும் இவ்வாறே.

‘சுருங்குதல்’ என்பதோடு இச்சொல்லை மயங்கக்கூடும் என்பது மெய்யான தடை. ஆயின், ‘சுருங்கை வழி’, ‘சுருங்கை நிலையம்’ எனத் தொடராக வழங்கினால் அம்மயக்கம் நீங்கும். நடப்போர்க்குரிய சுரங்கப்பாதையை மாற்ற வேண்டியதில்லை, அது நிலைபெற்றுவிட்டது. கனிமத்திற்குச் சுரங்கம், இரயில் செல்லும் நிலத்தடி வழிக்குச் சுருங்கை, நகர அமைப்பிற்கு மெட்ரோ எனப் பிரித்து வழங்குதலே தெளிவு தரும். இதற்கு அரசாணை எதுவும் வேண்டா. கரும்பலகையில் ஆசிரியர் எழுதத் தொடங்கினாலே போதும்.