கேள்விக்கு ஐந்து நிமிடம்: பல்கலைக்கழகப் பொதுப் பேருரைகளும் திருகோணமலையும்

தமிழர்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று தமிழரசுக் கட்சி குரல் எழுப்பிய காலத்தில், அது அமைய வேண்டிய ஊராகத் திருகோணமலையையே சுட்டியது. 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் திறந்தபோது அந்தக் கோரிக்கை பின்தள்ளப்பட்டது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் என்ற தகுதி திருகோணமலைக்கு 2001இல்தான் கிடைத்தது. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் அது இயங்குகிறது. இத்தனை காலம் காத்திருந்த ஊருக்குப் பட்டம் வாங்கும் இடம் மட்டும் போதாது. தன் நிலத்தையும் கடலையும் துறைமுகத்தையும் பற்றி யார், எங்கே, என்ன முடிவெடுக்கிறார்கள் என்று விளக்கிச் சொல்லும் இடமும் வேண்டும். அந்த வேலைக்குப் பல்கலைக்கழகங்களின் கையில் உள்ள பழகிய வடிவம் பொதுப் பேருரை. நினைவுப் பேருரை, சிறப்புரை, கருத்தரங்கு என்று பெயர்கள் மாறினாலும் முறை ஒன்றுதான்.

இந்த வழக்கம் நமக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் இன்று அது நடக்கும் முறையில், பேசுகிறவருக்கு உரிய மரியாதை எல்லாம் கிடைக்கிறது. கேட்க வந்தவருக்கு உரியது கிடைப்பதில்லை.

முதலில் அதன் பலத்தைப் பார்ப்போம். சீனக்குடா எண்ணெய்க் குதங்களை எடுத்துக்கொள்ளலாம். பிரித்தானியர் கட்டியவற்றில் எஞ்சியவை 99. 1987இல் இலங்கை–இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே அவற்றைப் பற்றிய பேச்சு இருந்தது. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி. உள்ளே வந்தது. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஏற்பாட்டின்படி 14 குதங்கள் ஐ.ஓ.சி.க்கும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. மீதி 61உம் இரு தரப்பும் சேர்ந்த ஒரு கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஓர் உடன்பாட்டில் கைச்சாத்திட்டன. தேர்தல் மேடையில் இதெல்லாம் இரண்டே வாக்கியங்களாகிவிடும்: ஒருவர் விற்றுவிட்டார்கள் என்பார், மற்றவர் அபிவிருத்தி வருகிறது என்பார். குத்தகை எத்தனை ஆண்டுக்கு, வருமானம் யாருக்கு, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை என்று வரிவரியாகப் பிரித்துக் காட்ட, வாக்குக் கேட்கத் தேவையில்லாத ஒருவர் வேண்டும். திட்ட நிதிக்காக அறிக்கை எழுதத் தேவையில்லாதவராகவும் அவர் இருக்க வேண்டும். பொதுப்பணத்தில் சம்பளம் பெறும் பல்கலைக்கழக ஆசிரியர் அந்த இடத்தில் இருக்கிறார்.

நெருக்கடிக் காலத்தில் இதன் பயன் கண்கூடாகத் தெரிந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு, வங்குரோத்து, கடன் மறுசீரமைப்பு என்ற சொற்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்றவர்கள் அவற்றின் பொருளை மேடைகளிலும் பத்திரிகைகளிலும் விளக்கினார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். அதே ஆண்டு காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் கூடாரத்துக்குள் திறந்தவெளி வகுப்புகள் நடந்தன. 1965இல் வியட்நாம் போரை எதிர்த்து மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடிய விடிய வகுப்பு நடத்திய மரபின் தொடர்ச்சி அது.

திருகோணமலைக்கு இன்னொரு தனிக் காரணமும் உண்டு. 2012 குடிசன மதிப்பின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, சிங்களவர் கால் பங்குக்கு மேல். கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம், பள்ளிவாசலில் ஒரு கூட்டம், விகாரையில் ஒரு கூட்டம் என்று ஒரே காணிப் பிரச்சினையை மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பேசும் ஊர் இது. மூவரும் ஒரே கூரையின் கீழ் ஒரே தரவைக் கேட்கக்கூடிய இடம் பல்கலைக்கழக மண்டபத்தை விட்டால் அதிகம் இல்லை. இந்த ஒரு பலத்துக்காகவே இந்த வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும்.

இனிக் குறைகள். நம் பக்கத்துப் பேருரைக் கூட்டம் ஒன்றின் நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மங்கள விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, பேச்சாளர் அறிமுகம், பொன்னாடை, நினைவுச் சின்னம், பிறகு பேருரை, கடைசியில் நன்றியுரை. மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் போட்ட கூட்டம் மூன்றரைக்குத் தொடங்கும். பேச்சாளர் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது நாலரை. அவர் ஒரு மணி நேரம் பேசி முடித்ததும், நேரம் போதாமையால் இரண்டு கேள்விகள் மட்டும் என்று அறிவிப்பு வரும். அந்த இரண்டையும் முன்வரிசைப் பேராசிரியர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவற்றில் ஒன்று கேள்வியாக இல்லாமல் இன்னொரு சிற்றுரையாகவே அமையும்.

இதில் இழப்பது என்ன? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய் ஆனது. வெளியிணைப்பு இயந்திரப் படகில் போகும் மீனவருக்கு அது தொழிலையே நிறுத்திவிடும் விலை. மானியக் குறைப்பின் நியாயத்தைப் பற்றிப் பேசும் ஒரு பொருளியலாளர் முன் பின்வரிசையில் அந்த மீனவர் அமர்ந்திருந்தால், “ஐயா, ஒருக்கா கடலுக்குப் போய்வர எனக்கு எவ்வளவு எண்ணெய் செல்லும் தெரியுமா?” என்று கேட்டிருப்பார். அதற்குப் பதில் சொல்ல முயலும்போதுதான் பேச்சாளரின் வாதத்தின் உறுதி தெரியவரும். கேள்வி நேரத்தைச் சுருக்கும்போது மக்கள் பேசும் வாய்ப்பை இழக்கிறார்கள். அறிஞர் தன் வாதத்தைத் திருத்தும் வாய்ப்பை இழக்கிறார்.

இரண்டாவது குறை மொழி. பேச்சு தமிழில், திரையில் ஓடும் வரைபடங்கள் ஆங்கிலத்தில் என்பது பல கூட்டங்களின் வழக்கம். சேருவிலையிலிருந்து வரும் சிங்கள விவசாயிக்கு இரண்டுமே எட்டாது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் கூடி எழுதிவரும் ‘குப்பி’ பத்தி கூர்மையானது, துணிவானது. ஆனால் அது வெளிவருவது ஆங்கில நாளிதழில். 1597இல் லண்டனில் தொடங்கிய கிரஷாம் கல்லூரியில், கற்றோர் மொழி லத்தீனாக இருந்த காலத்திலும், நகர மக்களுக்காக ஆங்கிலத்திலும் விரிவுரை நடத்த வேண்டும் என்று விதித்தார்கள். வடிவியலும் வானியலும் கப்பலோட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. துறைமுக நகரமான திருகோணமலையில் தமிழ்–சிங்கள உடன்மொழிபெயர்ப்பு இல்லாத பொதுப் பேருரையைப் பொதுவானது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, இடமும் காலமும். வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் உண்டு. பொருளியலும் சமூகவியலும் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமான வந்தாறுமூலையில் இருக்கின்றன. எனவே பேச்சாளர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருகிறார். கேட்க விரும்பும் மூதூர்க்காரரோ கொட்டியாரக் குடாவைச் சுற்றிக் கிண்ணியா வழியாக வந்து, அதே வழியில் இருட்ட முன் திரும்ப வேண்டும். காலமும் பிந்துகிறது. 2023 ஜூன் கடைசியில் வெளியான உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தை ஜூலை 1ஆம் திகதியே நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. ஊழியர் சேமலாப நிதியில் காசு போட்டிருந்தவர்களுக்கு யோசிக்க நாலு நாள்கூடக் கிடைக்கவில்லை. முடிவு வந்த பிறகு நடத்தும் பேருரை வரலாற்றுப் பாடமாகலாம், குடிமக்களுக்குக் கைகொடுக்காது.

நான்காவதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும்: பயம். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி, கொழும்பில் விஞ்ஞான மாநாடு ஒன்றுக்குப் போயிருந்த கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் காணாமல் ஆக்கப்பட்டார். இவற்றைக் கண்ட ஒரு தலைமுறை ஆசிரியர்கள் பாதுகாப்பான தலைப்புகளைத் தேடியதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் நீடிக்கிறது. உலகப் பொருளாதாரப் போக்குகள் என்று தலைப்பு வைப்போம். முத்துநகர் வயல்காணி என்று வைக்கத் தயங்குவோம். சூரிய மின் திட்டத்துக்குத் தங்கள் வயல்கள் எடுக்கப்படுவதை எதிர்த்து முத்துநகர் விவசாயிகள் 2025இல் போராடியபோது, மாற்று எரிசக்தியும் வேண்டும், வயலும் வேண்டும் என்ற உண்மையான சிக்கல் நம் வாசலிலேயே இருந்தது. சம்பூரும் அப்படித்தான். 2006இல் மக்கள் இடம்பெயர்ந்த அந்த மண்ணில் 500 மெகாவாட் அனல் மின்நிலையம் திட்டமிடப்பட்டு, உயர் நீதிமன்றத்தில் வழக்கு இருக்கும்போதே 2016இல் கைவிடப்பட்டது. 2025இல் அங்கே 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடங்கியது. இருபது ஆண்டுப் பாடம் ஒரே கிராமத்தில் கிடக்கிறது.

பல்கலைக்கழகம் அரசியல் மேடையாகிவிடக் கூடாது என்று சிலர் எச்சரிப்பார்கள். அந்த அக்கறை நியாயமானதே. ஒரு கட்சிக்குச் சாய்ந்த மண்டபத்துக்கு மற்ற இரு சமூகத்தவரும் மறுமுறை வரமாட்டார்கள். ஆனால் நடுநிலை என்பது சர்ச்சையைத் தவிர்ப்பதால் வருவதில்லை. நாணய நிதியத்தின் திட்டத்தை ஆதரிப்பவரையும் எதிர்ப்பவரையும் ஒரே மேடையில் இருத்தி, இருவரிடமும் ஒரே அளவு சான்று கேட்பதால் வருகிறது.

திருத்த வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. சடங்குகளைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கலாம். மொத்த நேரத்தில் பாதியைக் கேள்விக்கு ஒதுக்கி, முதல் கேள்விகளைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களிடம் வாங்கலாம். ஒரு பேருரை வளாகத்தில் என்றால் அடுத்ததைக் கிண்ணியாவிலும் அதற்கடுத்ததை மூதூரிலும் சேருவிலையிலும் வைக்கலாம். விரிவுரையாளருக்குப் பக்கத்தில் அந்தப் பிரச்சினையில் வாழும் மீனவரையோ விவசாயியையோ பேச்சாளராகவே இருத்தலாம். பேசியதையும் கேட்டதையும் இரு மொழியிலும் சிறு பிரசுரமாக்கி, பதில் கிடைக்காத கேள்விகளுக்குப் பின்னர் எழுத்தில் பதில் தரலாம்.

யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் 1927இல் காந்தியை அழைத்ததை நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்த அமைப்பின் பலம் வந்த விருந்தாளியின் புகழில் மட்டும் இருக்கவில்லை. தன் மாநாடுகளில் வாதிட்டுத் தீர்மானம் எடுத்து, அதற்குப் பொறுப்பேற்றதிலும் இருந்தது. அது முன்னெடுத்த 1931 தேர்தல் பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்று இன்றும் வாதிடுகிறோம் என்றால், அன்றைய பேச்சு ஒரு செயலில் போய் முடிந்ததால்தான். அடுத்த பேருரைக்கு அழைப்பிதழ் அச்சிடுகிறவர்கள், பேச்சாளரின் பெயருக்குக் கீழே கேள்வி நேரம் ஒரு மணித்தியாலம் என்றும் அச்சிடட்டும். திருத்தத்தை அங்கிருந்து தொடங்கலாம்.