பெயர் சொல்லும் இரண்டு வரி

பைத்தான் வலைச்சட்டகமான ஜாங்கோவில் புதிதாக ஒரு நூலகப் பதிவேட்டைக் கட்டி அட்மின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நூல் சேர்க்கும் படிவத்தில் ஆசிரியருக்கான டிராப்டவுனைத் தொட்டால் 'ஆத்தர் ஆப்ஜெக்ட் (1)', 'ஆத்தர் ஆப்ஜெக்ட் (2)' என்று வரிசை இறங்கும். நூலை ஆசிரியரோடு இணைக்கும் ஃபாரின் கீ தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் இரண்டாம் எண் புதுமைப்பித்தனா, கு.ப.ரா.வா என்று மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

மாடலுக்குள் இரண்டே வரி. முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட 'எஸ்டிஆர்' மெத்தடை எழுதி, பெயரைத் திருப்பித் தந்தால் போதும். டிராப்டவுன், பட்டியல், ஷெல் எல்லாம் ஒரே நேரத்தில் பேர் சொல்லத் தொடங்கிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி இது. ஜாங்கோ கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பிறந்தது. 2005-இல் பொதுவுக்கு வந்தது. நிரல் தெரியாத செய்தியாளர்களும் தகவல் ஏற்ற வேண்டிய இடத்தில் வளர்ந்த கருவிக்கு எண்ணைவிடப் பெயர்தான் பொருந்தும்.

மெத்தடை எழுதுவது சுலபம். அதில் எதைச் சொல்வது என்பதில் இருக்கிறது கைத்திறன். 'சிறுகதைகள்' என்றே நாலு நூல்கள் இருந்தால் தலைப்பு மட்டும் போதாது. ஆசிரியர் பெயரையும் ஒட்டத் தோன்றும். அங்கே ஒரு பள்ளம் உண்டு. இரவல் படிவத்தின் டிராப்டவுனில் 100 நூல்கள் இறங்கினால், ஒவ்வொன்றும் தன் ஆசிரியரைத் தேடித் தரவுத்தளத்துக்குத் தனியே ஓடும். ஒரு குவெரி 101 ஆகிவிடும். 'செலக்ட் ரிலேட்டட்' போட்டால் ஒரே ஜாயினில் முடியும்; ஆனால் அதை இடத்துக்கு இடம் மறக்காமல் போட வேண்டும். அதனால் ஒரு மாடல் தன் சொந்தப் புலங்களைக் கொண்டே பெயர் சொல்வதுதான் எனக்கு அழகாகப் படுகிறது. 'சிறுகதைகள் (1968)': பதிப்பாண்டு போதுமே. ஆசிரியர் பெயர் பட்டியலில் தனி நெடுவரிசையாக நிற்கட்டும். 2024-இல் வந்த ஜாங்கோ 5.1 பதிப்பு முதல், 'லிஸ்ட் டிஸ்ப்ளே'யில் இரட்டை அடிக்கோட்டால் இணைத்து அதை நேரடியாகவே கேட்கலாம்.

இந்த இரண்டு வரியின் அருமை முழுதாகத் தெரிவது நீக்கும் பக்கத்தில். ஓர் ஆசிரியரை அழிக்கப் போனால், கூடவே அழியப்போகும் நூல்களை ஜாங்கோ கீழே அடுக்கிக் காட்டி, உறுதிதானா என்று கேட்கும். அங்கே வெறும் எண்கள் இருந்தால் விரல் அழுத்திவிட்டுப் போய்விடும். தலைப்புகள் இருந்தால் ஒரு கணம் நிற்கும்.