முதல் மிடறின் தீர்ப்பு

கரும் பியருக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தைக் குறை சொன்னால், உடனே லயன் ஸ்டவுட்டைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறார்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் காலத்தில் நுவரெலியாவின் குளிரில் தொடங்கிய தொழில் அது. இன்று கொழும்பை அடுத்த பியகமவில் அந்த பியர் தயாராகிறது. ஆங்கிலேய பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதைப் புகழ்ந்தார். பிறகு ஊர் ஊராக ரசிகர்கள் புள்ளி போட்டார்கள். இந்த முறை மட்டும் இல்லாவிட்டால் ஒரு இலங்கைக் கறுப்பு பியரை அமெரிக்காக்காரன் எப்படித் தேடி வாங்கியிருப்பான் என்கிறார்கள். பெங்களூரில் 2010இல் டாய்ட் என்ற மதுக்கூடம் திறந்ததிலிருந்து மைக்ரோ ப்ரூவரிகள் பெருகி, சுவை பார்த்துப் புள்ளியிடுவது நம் பக்கத்து இளைஞர்களுக்கும் ஒரு கௌரவமான பொழுதுபோக்காகிவிட்ட நிலையில், இந்த வாதம் செல்லுபடியாகிறது. ஆனால் ஜாக்சன் நட்சத்திரங்களும் இட்டவர்தான் என்றாலும், லயனுக்குப் பேர் வாங்கித் தந்தது அவருடைய எழுத்து. எந்த மலை, யார் குடிக்கிறார்கள், எப்படி ஊற்றுகிறார்கள் என்று சொன்ன எழுத்து அது. எண்ணுக்கு அந்தப் புகழில் பங்கு உண்டு என்பது பின்னால் ஒட்டவைத்த கதை.

மதிப்பெண்ணால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. பழுதைக் கண்டுபிடிக்க அது நல்ல கருவி. நொதித்தல் முடியுமுன் அவசரப்பட்டு எடுத்த பியரில் வெண்ணெய் வாடை வரும். காற்றுப்பட்டுக் கெட்டதில் நனைந்த அட்டையின் மணம் வரும். கிருமி புகுந்தால் புளிக்கும். இவற்றைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்ட ஒரு தாளும் பயிற்சி பெற்ற நாக்கும் இருப்பது காய்ச்சுகிறவருக்கு உதவி. லேபிளை மறைத்து ஊற்றுவதும் நேர்மையான ஏற்பாடுதான்.

பழுதில்லாத இரண்டு ஸ்டவுட்டுகளில் எது மேல் என்று அதே தாளைக் கேட்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. அமெரிக்காவில் 1985இல் உருவான பியர் நடுவர் அமைப்பான பிஜேசிபியின் தாளில் மொத்தம் 50 புள்ளி. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. ஐம்பதில் முப்பத்திரண்டு மூக்கிலும் நாக்கிலும் உடனே படுகிற விஷயங்களுக்குப் போய்விடுகிறது. குடித்து முடித்தவரை இன்னொரு கிளாஸ் கேட்கவைக்கிறதா என்பது அந்தக் கடைசிப் பத்துக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது. அதையும் நடுவர் ஊகிக்கத்தான் முடியும், ஏனென்றால் அவர் முன் இருப்பது சில மிடறுகள். அடுத்த கோப்பை வரிசையில் காத்திருக்கிறது. இப்படிப்பட்ட வரிசையில் எது தனித்துத் தெரியும்? கெட்டியானது, இனிப்பானது, சாராயச் சூடு ஏறியது, மரப்பீப்பாயின் வெனிலா வாடை அடிப்பது. வறுத்த பார்லியின் உலர்ந்த கசப்பை மட்டும் நம்பி நிற்கும் 4.2 சதவீத ஐரிஷ் ஸ்டவுட் அந்தக் கூட்டத்தில் தண்ணீராகத்தான் தோன்றும். அதன் குணம் அரைக் கிளாஸ் தாண்டிய பிறகே தெரியும். கசப்பு நாக்கைத் துடைத்துவிட, அடுத்த மிடறு முதல் மிடறைப் போலவே இருக்கும். இன்னொரு பக்கம், 12 சதவீத இம்பீரியல் ஸ்டவுட்டின் முதல் மிடறு அற்புதம். கிளாஸின் அடிப்பாகம் பாகு. அந்த அடிப்பாகத்துக்கு எந்தத் தாளிலும் கட்டமில்லை.

இதற்குச் சான்று பியருக்கு வெளியே எப்போதோ கிடைத்துவிட்டது. பெப்சி 1975இல் தொடங்கிய கண்மறைத்த சோதனைகளில், ஒரு வாய் குடித்தவர்கள் இனிப்புக் கூடுதலான பெப்சியைத் தேர்ந்தார்கள். அரண்டுபோன கோகோ கோலா இனிப்பான புதிய கலவை ஒன்றைச் செய்து, சுமார் 2,00,000 பேரிடம் சுவை பார்க்கக் கொடுத்து, வெற்றி உறுதி என்று நம்பி 1985 ஏப்ரலில் இறக்கியது. மூன்று மாதத்துக்குள் பழையதையே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பாசம், பழக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாய்க்குப் பிடித்ததெல்லாம் ஒரு புட்டிக்கும் பிடிக்கும் என்று கணக்குப் போட்டது அங்கே தோற்றது. பியர்க்காரர்கள் அதே கணக்கை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரசிகர்களின் மதிப்பெண் பட்டியல் எதை எடுத்தாலும் உச்சியில் பீப்பாயில் ஊறிய இம்பீரியல் ஸ்டவுட்டுகள் குவிந்திருப்பதும், தினம் லட்சக்கணக்கானோர் விரும்பிக் குடிக்கும் கின்னஸ் எங்கோ கீழே கிடப்பதும் இதன் விளைவு.

ஒவ்வொரு பியரையும் அதன் வகைக்குள் வைத்துத்தானே பார்க்கிறோம், ஐரிஷ் ஸ்டவுட்டை இம்பீரியலோடு யார் மோதவிட்டார்கள் என்று கேட்பார்கள். போட்டியின் முதல் சுற்றில் அது சரி. வகை வாரியாக வென்றவற்றைக் கூட்டி வைத்து ஒட்டுமொத்தச் சிறந்ததைத் தேர்கிற கடைசிச் சுற்றில் வேலி விழுந்துவிடுகிறது. செயலியில் ஐந்துக்கு இத்தனை என்று தட்டும் ரசிகருக்கு வேலியே கிடையாது. வகையின் வேலியும் அத்தனை உறுதியானதல்ல. லயன் போன்றவற்றுக்கென்று பிஜேசிபி 2015இல் வெப்பமண்டல ஸ்டவுட் என்று ஒரு தனிப் பிரிவை வகுத்தது. அதற்கு விதித்த சாராய அளவு 5.5 முதல் 8 சதவீதம். அந்தப் பிரிவுக்கு எடுத்துக்காட்டாகக் குறித்த லயனின் இன்றைய புட்டியில் இருப்பது 8.8! எடுத்துக்காட்டே விதிக்கு வெளியே நிற்கும்போது, விதியைக் காட்டி மற்ற பியருக்குப் புள்ளி குறைப்பது எந்த ஊர் நியாயம்?

பயிற்சி பெற்ற நாக்கு ஏமாறாது என்பது அடுத்த சமாதானம். ஒயின் உலகம் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் நடுவர்களுக்கு, அவர்கள் அறியாமல் ஒரே புட்டி ஒயினை மூன்று முறை கொடுத்துப் பார்த்து ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முறையும் ஒரே பதக்க அளவுக்குள் புள்ளியிட்டவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். போர்தோவில் 54 ஒயின் மாணவர்களிடம் சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். அந்த ஆய்வு 2001இல் வந்தது. கண் நாக்கை இழுத்துக்கொண்டு போகிறதென்றால், கோப்பையைப் பார்த்த கணத்திலேயே காபி, சாக்லேட் என்று எழுதத் தயாராகிவிடுகிற கரும் பியரில் அந்த இழுப்பு எவ்வளவு இருக்கும்? வேடிக்கை என்னவென்றால், சிறிய மாதிரியை வைத்துப் பெரிய முடிவுக்கு வருவதில் எவ்வளவு பிழை நேரும் என்று கணக்கிடும் வழியை உலகுக்குக் கொடுத்ததே ஒரு ஸ்டவுட் ஆலை. டப்ளின் கின்னஸில் வேலை பார்த்த வில்லியம் காசெட், ‘மாணவர்’ என்ற புனைபெயரில் 1908இல் அந்த வழியைச் சொல்லும் கட்டுரையை வெளியிட்டார். ஸ்டவுட்டுக்குத் தசம புள்ளியில் தரவரிசை போடுகிறவர்கள் பிழை வரம்பு என்று ஒன்றைப் பக்கத்தில் எழுதி நான் பார்த்ததில்லை.

இந்த முறை ரசனையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்ததிலிருந்து, செஞ்சியிலும் திண்டிவனத்திலும் கவுண்டரில் நிற்பவர் கேட்பது இரண்டுதான்: ஸ்ட்ராங் இருக்கா, கூலிங் இருக்கா. ரசிகர் இவரைப் பார்த்து முகம் சுளிக்கிறார். ஆனால் 330 மில்லி புட்டி ஒன்றில் 4.2 சதவீத ஸ்டவுட் தருவது சுமார் 14 மில்லி சாராயம், லயன் தருவது 29, 12 சதவீத இம்பீரியல் தருவது ஏறக்குறைய 40. மதிப்பெண் பட்டியலில் மேலே ஏற ஏற இந்த எண்ணும் ஏறுகிறது. கவுண்டர்க்காரர் காசுக்கு எவ்வளவு ஏறும் என்று வெளிப்படையாகக் கேட்கிறார். ரசிகர் அதே இடத்துக்கு வெனிலா, உலர்திராட்சை, புகையிலை என்று சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறார். செஞ்சி வட்டத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. மதுவோடு தேனும் விலக்கு என்கிற மரபு அவர்களுடையது. அதில் குழப்பம் இல்லை. கவுண்டர்க்காரரிடமும் குழப்பம் இல்லை. நடுவில் நின்று, வீரியத்துக்குப் புள்ளி போட்டுவிட்டு அதைச் சுவை என்று நம்புகிறவரிடம்தான் இருக்கிறது.

மாற்று வழி கடினமானதல்ல. நடுவருக்கு முழுக் கிளாஸ் கொடுக்க வேண்டும், அடிப்பாகம் வந்ததும் எழுதச் சொல்ல வேண்டும், அதே பியரை இன்னொரு நாள் சொல்லாமல் மறுபடி கொடுக்க வேண்டும். அவ்வளவு குடித்தால் நடுவர் நிதானம் இழப்பார் என்கிறார்கள். உண்மைதான், அதனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பியருக்கு மேல் அவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அப்படிச் செய்தால் போட்டிக்கு ஏற்கும் பியர்கள் குறையும், நுழைவுக் கட்டணம் குறையும், லேபிளில் ஒட்டப் பதக்கமும் குறையும். இத்தனையையும் இழக்கச் சம்மதிக்கும் ஒரு போட்டி அமைப்பாளரை நான் இன்னும் கேள்விப்படவில்லை.