மாட்டுக்கும் மூட்டு வலிதானே?

இந்த வாரம் ஒரு விமர்சனம். சினிமா இல்லை, நாவலும் இல்லை. உங்கள் வீட்டில் இதற்குப் பத்துப் பிரதியாவது இருக்கும். ஆனால், ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டீர்கள். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே... அதுவும், மாத்திரை அட்டையின் முதுகில் எறும்பு வரிசையாக ஓடும் எழுத்துகளும்தான் நான் எடுத்துக்கொண்ட படைப்பு!

சிரிக்காதீர்கள். அதைப் படிக்காமல் ஒரு பூனையைக் கொன்றவன் நான்.

பல வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. வீட்டுப் பூனைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் யாரும் கிடைக்கவில்லை. 'நமக்குக் காய்ச்சல் வந்தால் போடுறதுதானே' என்று பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொடுத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் முகம் வீங்கி, ஈறு பழுப்பேறி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் 'என்ன வியாதி?' என்று கேட்கவில்லை. 'என்ன மாத்திரை குடுத்தீங்க?' என்றுதான் கேட்டார். சாயங்காலம் கதை முடிந்துவிட்டது.

பாராசிட்டமாலை நம் கல்லீரல் பக்குவமாக மாற்றி வெளியே தள்ளிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலை சரியாக வராது. தேங்கிய மருந்து விஷமாகி, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கிற சக்தியைக் கெடுத்துவிடும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். மேல்நாடுகளில் ஃபெரட் என்று கீரி மாதிரி ஒரு பிராணியை வீட்டில் வளர்க்கிறார்கள். எடை ஒரு கிலோ சொச்சம்தான். அதற்கும் பாராசிட்டமால் ஆகாது. வலிக்கு நாம் போடும் ஐபுபுரூஃபனும் ஆகாது. அளவைக் குறைத்துக் கொடுத்தால் பெரிய பிராணியின் மருந்து சின்னப் பிராணிக்குச் சரியாகிவிடும் என்பது நம் கணக்கு. அந்தக் கணக்கே தப்பு.

பட்டணத்தில் படித்தவன் கதை இது. கிராமத்தில்?

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலுக்குப் போயிருந்தேன். பல்லவர் காலக் குடைவரைக் கோயிலும், குதிரைகள் தேரை இழுப்பதுபோல் கல்லில் செய்த மண்டபமும் இருக்கிற ஊர். பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்தில்தான் எங்கள் சித்தி வீடு. போன நேரம், சித்தி கையில் ஒரு மாத்திரை அட்டையோடு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

''என்ன சித்தி இது?''

''எனக்கு முட்டி வலிக்குக் குடுத்த மாத்திரைடா தம்பி. மிச்சம் கிடக்கு. செவலை ரெண்டு நாளா காலை நொண்டுது. மாட்டுக்கும் மூட்டு வலிதானே?''

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, வெயிலில் சாய்த்துப் பிடித்து... அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்தது.

அசிக்ளோஃபெனாக், மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக் ஆக மாறிவிடும். இந்த டைக்ளோஃபெனாக் யார் தெரியுமா? இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளைத் தீர்த்துக்கட்டிய ஆசாமி! இந்த மருந்து கொடுத்த மாடு சீக்கிரமே செத்து, அதைக் கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெண்முதுகுக் கழுகு ஆயிரம் இருந்த இடத்தில் 2007-ல் ஒன்றுதான் மிஞ்சியது. வியாதியாக இருக்குமோ என்று வருஷக்கணக்கில் குழம்பினார்கள். காரணம் மருந்துதான் என்பது 2004-ல்தான் நிரூபணமானது.

கழுகு போனால் நமக்கென்ன என்கிறீர்களா? செத்த மாட்டைச் சம்பளம் வாங்காமல் சுத்தம் செய்த துப்புரவுப் பணியாளர் அது. அது போனதும் பிணம் அழுகிக் கிடந்தது, தெருநாய் பெருகியது, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இதனால் கூடுதலாகச் செத்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் என்று 2024-ல் இரண்டு பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன்.

கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை நிறுத்த 2006-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. உடனே மனிதர்களுக்கான மருந்து மாட்டுக்குப் போனது. 2008-ல், 'கால்நடைகளுக்கு அல்ல' என்று மனித மருந்தில் அச்சிடச் சொன்னார்கள். அச்சிட்டார்கள், இங்கிலீஷில்! யார் படிக்கக் கூடாதோ அவர் படிக்காதபடி அத்தனை பத்திரமாக.

நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட்டில் உண்மை எங்கே ஒளிந்திருக்கும் என்று எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். ஆனால் சரக்கு யாருக்குப் போகிறது என்று தெரிய எழுத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பாட்டிலின் அளவைப் பார்த்தால் போதும். ஒரு மனிதனுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி 3 மில்லி. கடையில் விற்றதோ 30 மில்லி பாட்டில்! பத்துப் பேர் சேர்ந்தா ஊசி போட்டுக்கொள்வார்கள்? 2015-ல் அரசு அந்தப் பாட்டிலைத் தடை செய்து, ஒரு தடவைக்கான அளவில் மட்டுமே விற்க வேண்டும் என்றது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. பொடி எழுத்தை நம்புவதைவிட பாட்டிலைச் சின்னதாக்குவது மேல் என்று அரசுக்குப் புரிய ஏழு வருஷம் ஆனது. 2023-ல் அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டையும் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். 2024 கடைசியில் நிமசுலைடு. சித்தி கையில் இருந்தது, மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று அரசே சொன்ன மருந்து. சித்திக்கு யார் சொன்னது?

மாட்டுக்கென்றே விற்கும் மருந்தின் சீட்டிலும் நீங்கள் படிக்கவேண்டிய வரி ஒன்று உண்டு. மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலைக் கறந்து விற்கக் கூடாது என்பது. எத்தனை நாள் என்று தெரியாத மருந்தாக இருந்தால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012-ல் விதியே போட்டிருக்கிறார்கள். சித்தி அதைப் படிக்கவில்லை என்றால், நஷ்டம் சித்திக்கு மட்டும் இல்லை. உங்கள் காலை காபிக்கும்தான்.

'இத்தனூண்டு அட்டையில் எத்தனை மொழியில் அச்சடிப்பது?' என்று கம்பெனிக்காரர்கள் கேட்கலாம். நியாயம்தான். மொழியே வேண்டாம். ஒரு மாடு, ஒரு பூனை படம் போட்டு, குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுங்கள். சிகரெட் அட்டையில் படம் போட இடம் இருக்கிறதே!

நமக்கும் வேலை இருக்கிறது. நாய், பூனை, மாடு எதுவானாலும், நம் மாத்திரையைக் கொடுக்கும் முன் கால்நடை டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்று இலவச எண் இருக்கிறது. சித்தி வீட்டுக்கு அன்று டாக்டர் வந்து பார்த்தார். செவலையின் குளம்பில் முள். மாத்திரைக்கே வேலை இல்லை!

கிளம்பும் முன் பேனாவை எடுத்து, அந்த அட்டையின் பின்னால் 'மாட்டுக்குக் கொடுக்காதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி சித்தியிடம் கொடுத்தேன். சித்தி மூன்றாவதுவரை படித்தவர். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்:

''இம்புட்டுதானா? இதை அவன் போட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?''