பண்டத்தின் ஆயுளும் மறைக்கப்பட்ட உழைப்பும்

வணிகக் கல்வியில் 'பொருளின் வாழ்க்கை வட்டம்' அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, வீழ்ச்சி என நான்கு கட்டங்களாகக் கற்பிக்கப்படுகின்றது. இதற்குச் சோனி நிறுவனத்தின் வோக்மன் எடுப்பான உதாரணமாகும். 1979இல் யப்பானில் அறிமுகமான அக்கருவி, சுமார் 20 கோடி விற்பனையாகி, குறுந்தட்டாலும் எண்முறைக் கருவிகளாலும் பின்தள்ளப்பட்டது. 2010இல் யப்பானில் அதன் ஒலிநாடா வகையின் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

விற்பனையின் வரலாறு என்றவகையில் இவ்வளைகோடு பிழையன்று. ஆயின், 'வாழ்க்கை' என்னும் உருவகம் சந்தையின் இயக்கத்தை இயற்கை நியதியாக்கிவிடுகின்றது. பண்டம் தானே பிறந்து, தானே மடிவதாக மாணவர் கொள்கின்றனர். மனிதரிடையேயான உறவு பொருட்களிடையேயான உறவாகத் தோற்றங்கொள்வதென மார்க்ஸ் விளக்கியது இதனையே.

கல்முனைக் கரையோரத்தை நோக்குவோம். 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திற்று. அடுத்துவந்த ஆண்டுகளில் மத்திய கிழக்கிற்கான தொழிலாளர் பெயர்வும் பெருகிற்று. வோக்மனின் இனத்ததாகிய ரேப்ரெக்கோடர் இவ்வூர் வீடுகளை அடைந்தது விளம்பரத்தால் மட்டுமன்று. அந்நிய மண்ணில் விற்கப்பட்ட உழைப்பின் கூலியாலுமாகும். எழுதவியலாத உம்மாவின் குரலைக் கடல்கடந்த மகனுக்கு ஒலிநாடா சுமந்துசென்றது. விற்பனை முடிந்த இடத்திலேயே அதன் சமூகப் பயன் தொடங்கிற்று. பழுதுபார்ப்போரின் கைகள் அதனை நீடிக்கச்செய்தன. இவற்றுள் எதுவும் வளைகோட்டில் இல்லை.

எனவே ஆசிரியர் இப்பாடத்தைக் கைவிடவேண்டுவதில்லை. வளைகோட்டின் கீழே மூன்று வினாக்களை எழுதினாற் போதும்: இதனை ஆக்கியோர் யாவர்? எவருடைய கூலி இதன் விலையாயிற்று? எவருடைய இலாபங் கருதி இதன் முடிவு தீர்மானிக்கப்பட்டது?